பரிசு என்று எழுதினாலும் வரி உண்டு: பாரிசிலிருந்து சொந்தங்களுக்கு வைன் அனுப்புவோருக்கு

ஸ்காபரோவில் அக்கா வீடு வாங்கினார். ஐப்பசியில் குடிபூரல். என்னால் போக முடியவில்லை. அத்தானுக்குப் பொர்தோ வைன் பிடிக்கும் என்பதால், போத்தல் 13 யூரோ வீதம் மூன்று வாங்கிப் பெட்டி கட்டினேன். “குடிபூரலுக்குக் குடியையே அனுப்புகிறாயா?” என்று அம்மா சிரித்தார். கனடாவில் 60 டொலர் வரையான பரிசுக்கு வரி இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். 39 யூரோவை மாற்றிப் பார்த்தால் அறுபதுக்குள் அடங்கியது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, படிவத்தில் ‘பரிசு’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டு வந்தேன்.

அந்த 60 டொலர் சலுகை மதுவுக்கும் புகையிலைக்கும் கிடையாது. பொதி சுங்கத்தில் நின்றது. மாகாண மதுச்சபையின் அனுமதி எங்கே என்று அக்காவுக்குக் கடிதம் வந்தபோது அவர் வீட்டில் முப்பது பேர் விருந்தாளிகள். மார்கழியில் பெட்டி என்னிடமே திரும்பி வந்தது. ஒரு போத்தல் உடைந்து, அட்டை ஊறிக் காய்ந்து, புளித்த வாடை. அத்தானிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: “இதே போத்தல் எங்கள் தெருமுனைக் கடையில் இருக்கிறதே, தம்பி?”

அதன் பிறகு லண்டன், ஜெர்மனி, சுவிஸ் என்று பல வீடுகளுக்குப் பல வழிகளில் அனுப்பிப் பார்த்துவிட்டேன். பிரான்சில் இருந்துகொண்டு முதல் தடவை அனுப்பப் போகிறவர்களுக்காக, அந்த அனுபவத்தை ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

1. போத்தலைப் பார்க்குமுன் வீட்டைப் பாருங்கள்

எங்கள் வீடுகளில் ஒருவர் குடிப்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒருவரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. பொதியைப் பிரிப்பது யார் என்று முதலில் கேளுங்கள். மச்சானுக்கு அனுப்பிய போத்தலை அவருடைய மாமியார் கந்தசஷ்டி விரத நாளில் பிரித்துப் பார்த்தால், உங்கள் பரிசு அந்த வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேச்சாகும். விரத நாட்களையும் திவச நாட்களையும் கேட்டுவிட்டுத் தேதியைக் குறியுங்கள்.

அடுத்தது வயது. பிரான்சில் 18 என்பதால் எல்லா இடத்திலும் 18 என்று நினைக்க வேண்டாம். ஒன்ராறியோவில் 19, கியூபெக், அல்பேர்ட்டா, மனிட்டோபா மாகாணங்களில் 18, அமெரிக்காவில் 21. கதவைத் தட்டுபவர் அடையாள அட்டை கேட்பார். வீட்டில் பகலில் இருப்பது பல்கலைக்கழகம் போகும் 18 வயது மருமகள் மட்டும் என்றால், ரொறன்ரோவில் அவரிடம் பொதியைக் கொடுக்க மாட்டார்கள்.

2. எந்த நாடு என்பதுதான் வழியைத் தீர்மானிக்கும்

பலரும் பிழைவிடும் இடம் இதுதான். பாரிஸ் தபாலகத்தில் பொதியை நிறுத்துப் பணம் வாங்கிவிட்டார்கள் என்றால், போய்ச் சேரும் நாடும் ஏற்றுக்கொண்டது என்று பொருளல்ல. தபாலகத்தின் இணையத்தளத்தில் நாடு வாரியாகத் தடைப் பட்டியல் இருக்கிறது. வைன் வாங்குவதற்கு முன்பே அதைத் திறந்து படியுங்கள்.

கனடா: எல்லாவற்றிலும் சிக்கலான நாடு. அங்கே மது மாகாணங்களின் கையில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து போத்தல் வருவதற்கு முன்பே, பெறுபவர் தன் மாகாண மதுச்சபையைத் தொடர்புகொண்டு, அதற்குரிய கட்டணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைச் சுங்கத்திடம் காட்ட வேண்டும். ஒன்ராறியோவில் அந்தச் சபை எல்.சி.பி.ஓ., கியூபெக்கில் எஸ்.ஏ.கியூ. சுங்கத்திலும் ஒரு வரிக்கணக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துடன் செய்த வணிக உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்த பிறகு பிரெஞ்சு வைனுக்குச் சுங்கத் தீர்வை இல்லை என்பது உண்மை. ஆனால் மதுவரி, விற்பனை வரி, மாகாணத்தின் பங்கு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. மூன்று போத்தலுக்காக ஒரு மனிதரை இவ்வளவு அலைய விடுவது பரிசாகாது. கனடாவுக்குத் தபாலில் அனுப்பாதீர்கள். மூன்றாவது படிக்குப் போங்கள்.

பிரித்தானியா: 2021 தொடக்கத்திலிருந்து பிரான்சுக்கு அது முழு வெளிநாடு. “முந்தி லண்டனுக்கு அனுப்பினோமே, ஒன்றும் கேட்கவில்லையே” என்பவர்கள் அந்தப் பழைய காலத்தைச் சொல்கிறார்கள். இப்போது பரிசாக வரும் போத்தலுக்கும் மதுவரி உண்டு. 2025 பெப்ரவரியில் வந்த விகிதப்படி, தூய மதுசாரம் ஒரு லீற்றருக்கு 29.54 பவுணாக இருந்தது. கணக்கு எளிது: 75 சென்றிலீற்றர் போத்தலில் 13 சதவீதம் மதுசாரம் என்றால் 0.0975 லீற்றர், அதை 29.54ஆல் பெருக்கினால் 2.88 பவுண். விகிதம் அடிக்கடி மாறுவதால் அனுப்பும் நாளில் பிரித்தானிய அரசின் தளத்தைப் பாருங்கள். தொகை சிறிதுதான். அதைவிட எரிச்சலூட்டுவது, வரியை வசூலித்துத் தருவதற்காகத் தபால்காரர் எடுக்கும் கையாளும் கட்டணம். என் மச்சாளுக்கு ஒரு போத்தல் அனுப்பியபோது அது 8 பவுண். கதவில் ஓர் அட்டையைச் செருகிவிட்டுப் போனார்கள். பணம் கட்டிய பிறகுதான் பொதி வந்தது.

ஜெர்மனி மற்றும் ஒன்றிய நாடுகள்: இங்கே சுங்கப் படிவம் இல்லை. ஆனால் மதுவரி நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் சாதாரண வைனுக்கு மதுவரி பூச்சியம். நுரைக்கும் வைனுக்கு மட்டும் தனி வரி உண்டு, 75 சென்றிலீற்றர் போத்தலுக்கு 1.02 யூரோ. எனவே ஜெர்மனிக்கு ஷாம்பெயினை விட்டுவிட்டு நல்ல சிவப்பு வைனாக அனுப்பினால் தலையிடி குறைவு. அயர்லாந்தில் சாதாரண வைனுக்கே போத்தலுக்கு 3 யூரோவுக்கு மேல் மதுவரி இருக்கிறது.

சுவிஸ், நோர்வே: இரண்டும் ஒன்றியத்துக்கு வெளியே. சுவிசில் 100 பிராங் வரையான பரிசுக்கும் நோர்வேயில் 1000 குரோனர் வரையான பரிசுக்கும் சலுகை உண்டு. இரண்டிலும் அந்தச் சலுகை மதுவுக்குக் கிடையாது. கனடாவில் நான் விழுந்த அதே குழி.

அமெரிக்கா: அந்த நாட்டு அஞ்சல் சேவை மதுவைக் கையாள்வதே இல்லை. பாரிஸ் தபாலகத்தில் நீங்கள் கொடுப்பது அங்கே அவர்கள் கைக்குத்தான் போகும். பெரிய கூரியர் நிறுவனங்கள் உரிமம் பெற்று ஒப்பந்தம் செய்த வணிகர்களிடமிருந்து மட்டுமே மதுவை எடுக்கின்றன. நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியப்பாவின் மகனுக்கு நீங்கள் பொதி கட்டி அனுப்ப ஒழுங்கான வழி இல்லை.

இந்தியா: சென்னையிலோ திருச்சியிலோ சொந்தம் இருந்தால், தபாலையும் கூரியரையும் மறந்துவிடுங்கள். பரிசு என்ற பெயரில் வரும் பொதிகளுக்கு அளித்துவந்த சலுகையை 2019 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விதிவிலக்கு. வைனுக்கு 150 சதவீதம் இறக்குமதி வரி என்பதை வாசித்துவிட்டு நான் அடுத்த வரியைப் படிக்கவேயில்லை.

3. முடிந்தால் அங்கேயே வாங்கிக் கொடுங்கள்

பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் சரியான வழி. போத்தல் கடல் தாண்ட வேண்டியதில்லை. பணமும் வாழ்த்தும் தாண்டினால் போதும். ஒன்ராறியோவில் எல்.சி.பி.ஓ. தளத்தில் வாங்கி மாகாணத்துக்குள் வீட்டுக்கே வரவழைக்கலாம். கடைகளில் பரிசு அட்டையும் உண்டு. லண்டனில் வைன் கடைகள் வாழ்த்து அட்டையோடு அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுக்கின்றன. வரி எல்லாம் விலைக்குள் அடங்கிவிடும்.

இதில் நான் பட்ட சில்லறைச் சங்கடங்கள்: பிரெஞ்சுக் கடனட்டையைச் சில வெளிநாட்டுக் கடைகள் ஏற்பதில்லை. முகவரிக் கட்டத்தில் எங்கள் ஐந்து இலக்கத் தபால் எண்ணைப் போட்டால், கனடாத் தளம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகளைக் கேட்டு அடம்பிடிக்கும். இரண்டு மூன்று முறை முயன்றால் வங்கி அட்டையையே பூட்டிவிடும். ஆகவே அந்த ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரைப் பிடித்து, பணத்தை அவருக்கு அனுப்பி, அவர் அட்டையில் வாங்கச் சொல்லுங்கள். நான் அக்காவின் மூத்த மகனைப் பிடித்துவைத்திருக்கிறேன். அவனுக்கு 24 வயது. ஐந்து டொலர் கூடுதலாக அனுப்பினால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும்.

அடுக்குமாடி என்றால் வாசல் அழைப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். பெறுபவரின் பெயரை அவருடைய அடையாள அட்டையில் இருப்பதுபோலவே எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதி, அட்டையில் வேறு பெயர் இருந்ததால் பொதி திரும்பிய கதை எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

“ஆனால் இது பிரான்சிலிருந்து வந்தது என்ற பெருமை இருக்காதே” என்பார்கள். அதற்கு நான் செய்வது: அங்கே கிடைக்கும் பிரெஞ்சு வைனின் பட்டியலைப் பார்த்து, நானும் இங்கே குடித்துப் பார்த்த ஒன்றைத் தெரிவு செய்வேன். பிறகு கையால் ஒரு கடிதம் எழுதித் தனியே தபாலில் போடுவேன். கடிதத்துக்குச் சுங்கம் இல்லை.

4. ஆள் போகிறார் என்றால் ஆளோடு அனுப்புங்கள்

தபாலில் ஒரு போத்தலுக்குக் கூட வரி கேட்கும் நாடு, பயணியின் பெட்டியில் வருவதைக் கண்டுகொள்வதில்லை. பிரித்தானியாவுக்கு ஒரு பெரியவர் 18 லீற்றர் சாதாரண வைன் வரியின்றிக் கொண்டுபோகலாம். அதாவது 24 போத்தல். கலே வழியாகக் காரில் லண்டன் கலியாணத்துக்குப் போகிறவர் ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கட்டுரையின் மிச்சம் உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் 18 லீற்றரைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு மட்டும் அல்ல, கொண்டுபோன வைன் முழுவதற்கும் வரி.

ஒன்றிய நாடுகளுக்குள் சொந்தப் பாவனைக்கு 90 லீற்றர் வைன் வரை பொதுவாகக் கேள்வி இல்லை. சுவிசுக்கு 18 சதவீதத்துக்குள் இருக்கும் மது 5 லீற்றர். இந்தியாவுக்கு 2 லீற்றர். அமெரிக்காவுக்கு 1 லீற்றர்.

கனடாவுக்கு 1.5 லீற்றர், அதாவது சரியாக இரண்டு போத்தல். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1.5 லீற்றர் வைன் அல்லது 1.14 லீற்றர் விஸ்கி போன்ற கடும் மது: இரண்டில் ஒன்றுதான். அத்தானுக்கு வைனும் மாமாவுக்கு விஸ்கியும் என்று ஒரே ஆளின் பெட்டியில் வைத்தால் ஒன்றுக்கு வரி கட்ட வேண்டியிருக்கும். கணவன் மனைவி இருவர் போனால் ஆளுக்கொரு பங்கு. பிள்ளைகளின் பெயரில் பங்கு இல்லை.

பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் எடுக்க முடியாது என்பதால் வைன் பெட்டிக்குள்தான் போக வேண்டும். 24 சதவீதத்துக்குக் கீழ் என்பதால் விமானப் பாதுகாப்பு விதியில் அதற்கு உச்ச அளவு இல்லை, எடைதான் கட்டுப்பாடு. நிரம்பிய போத்தல் ஒன்று 1.2 முதல் 1.3 கிலோ, ஷாம்பெயின் 1.6 கிலோ. ஏற்கனவே கருவாடும் மிளகாய்த்தூளும் நிரம்பிய 23 கிலோப் பெட்டியில் இது லேசான விடயமல்ல. விமான நிலையத்து வரியற்ற கடையில் வாங்கினால் முத்திரையிட்ட பையில் தருவார்கள். இடையில் விமானம் மாறுகிறவர் அந்தப் பையை வீடு போய்ச் சேரும் வரை திறக்கக் கூடாது. பக்கத்தில் இருந்தவருக்கு லேபிளைக் காட்டுவதற்காகத் திறந்த என் நண்பர், அடுத்த பாதுகாப்புச் சோதனையில் போத்தலைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தம் பாரிசுக்கு வந்து திரும்பும்போது இன்னும் வாய்ப்பு. ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் பெறுமதி சேர் வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். கடையில் அவருடைய கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் வாங்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுப்பதற்கு முன் ‘பப்லோ’ இயந்திரத்தில் அதைப் பதிய வேண்டும். பெட்டியைக் கொடுத்த பிறகு ஞாபகம் வந்து பயனில்லை.

5. தபால்தான் என்றால், பெட்டியைக் கட்டும் விதம்

ஜெர்மனிக்கு, லண்டனுக்கு, அல்லது ஒரு குறிப்பிட்ட போத்தல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்வோம்.

வைன் கடையில் தரும் அழகான மரப்பெட்டி அனுப்புவதற்கு உதவாது. அதற்குள் போத்தல்கள் ஒன்றோடொன்று உரசும். என் முதல் பொதியில் உடைந்தது நடுவில் இருந்த போத்தல். அடி வெளியிலிருந்து விழவில்லை, பக்கத்துப் போத்தல் இடித்தே உடைந்திருக்கிறது. தபாலகங்களில் போத்தலுக்கென்றே வார்த்த அட்டைப் பெட்டிகள் கிடைக்கின்றன. அவற்றை வாங்குங்கள். சில யூரோவை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு போத்தலைப் பறிகொடுத்தவன் சொல்கிறேன்.

நான் இப்போது செய்வது இப்படி. ஒவ்வொரு போத்தலையும் முதலில் பொலித்தீன் பையில் இட்டு வாயை இறுகக் கட்டுகிறேன். உடைந்தாலும் வைன் வெளியே வந்து மற்றவர்களின் பொதியை நனைக்காது. பழைய செய்தித்தாளை இரண்டு சுற்றுச் சுற்றுகிறேன். பிறகு வார்ப்பு அட்டையில் படுக்கவைத்துக் கழுத்துப் பக்கத்தில் விரல் நுழையும் இடைவெளி கூட இல்லாமல் கசக்கிய தாளை அடைக்கிறேன். போத்தலின் பலவீனமான இடம் கழுத்துத்தான். மூடியபின் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சிறு சத்தம் கேட்டாலும் பிரித்துத் திரும்பக் கட்டுங்கள். அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் அகலத்துக்குத் தாள் நிரப்பினால், தூரப் பயணத்துக்கும் தாங்கும். ‘கவனம், கண்ணாடி’ என்று சிவப்பில் ஒட்டலாம். ஆனால் இயந்திரப் பட்டிக்கு வாசிக்கத் தெரியாது.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கம் “எதையும் அனுப்புவோம், அண்ணா” என்று சொல்கிற பொதி முகவர்களிடம் கொடுப்பதானால், வைன் என்று எழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். “அதெல்லாம் எழுதத் தேவையில்லை” என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆறு, பன்னிரண்டு போத்தல் என்று பெரிய அளவில் அனுப்புவதானால், வைன் தோட்டத்தையே கேட்டுப் பாருங்கள். பலர் அனுப்புவோரோடு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த விலையில் போய்ச் சேரும் நாட்டு வரிகளும் அடக்கமா? அடக்கம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

6. சுங்கப் படிவத்தில் எதை எழுத வேண்டும்

ஒன்றியத்துக்கு வெளியே என்றால் சி.என். 23 என்ற படிவம். இணையத்தில் நிரப்பி அச்செடுக்கலாம். தபாலக வரிசையில் நின்றுகொண்டு நிரப்புவதைவிட வீட்டில் நிதானமாகச் செய்வது நல்லது. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள்.

‘மதுபானம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. சிவப்பு வைன், மூன்று போத்தல், ஒவ்வொன்றும் 75 சென்றிலீற்றர், மதுசாரம் 13 சதவீதம் என்று முழுதாக எழுத வேண்டும். சதவீதம் லேபிளின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். பெட்டி கட்டுவதற்கு முன்பே குறித்துவையுங்கள். நான் ஒருமுறை கட்டியதைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சுங்கக் குறியீடு சாதாரண வைன் போத்தலுக்கு 2204.21, நுரைக்கும் வைனுக்கு 2204.10. உற்பத்தி நாடு பிரான்ஸ். விலை, கடைப் பற்றுச்சீட்டில் உள்ளது. பெறுபவரின் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கட்டாயம். வரி கேட்டு வரும் செய்தி அங்கேதான் போகும். பற்றுச்சீட்டின் பிரதி ஒன்றைப் படிவத்தோடு வெளிப்பையில் வையுங்கள்.

‘பரிசு’ கட்டத்தில் புள்ளடி போடுங்கள், அது உண்மைதானே. ஆனால் அது பொதி விற்பனைக்கல்ல என்பதை மட்டுமே சொல்கிறது, மதுவரியை நீக்காது.

“ஒலிவ் எண்ணெய் என்று எழுது, ஒன்றும் நடக்காது” என்று ஆலோசனை சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒரு மாமா இருப்பார். கேட்காதீர்கள். பொய்யாக எழுதிய பொதி பறிமுதலானால் நட்ட ஈடும் இல்லை, கேட்க வாயும் இல்லை. அதைவிட மோசம், விசாரணைக் கடிதம் போவது பெறுபவரின் முகவரிக்கு.

இன்னொரு மயக்கம்: பல பிரெஞ்சுப் போத்தல்களின் மூடித் தகட்டில், பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான் என்ற பெண்ணின் தலை பொறித்த வட்ட முத்திரை இருக்கும். அதைக் காட்டி “வரி கட்டியாகிவிட்டது” என்பார்கள். உண்மைதான், பிரான்சில் கட்டியாகிவிட்டது. சாதாரண வைனுக்கு அந்த வரி போத்தலுக்குச் சில சதம் மட்டுமே. லண்டனில் அந்த முத்திரையை வைத்து ஒரு பென்னியும் குறைக்க முடியாது.

7. செலவு யார் தலையில் விழும்

வைனின் விலை, பெட்டி, அனுப்பு கூலி ஆகியவை உங்களுடையவை. மதுவரி, பெறுமதி சேர் வரி, கையாளும் கட்டணம் ஆகியவை தபால் வழியில் பெறுபவர் தலையில் விழும். பரிசு வாங்குபவர் கதவடியில் அட்டையை எடுத்துக் காசு கட்டுவது எங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாத காட்சி. எனவே அனுப்பிய அன்றே நான் மச்சாளுக்கு 15 பவுண் போட்டுவிட்டு, “அட்டை வரும், கட்டுங்கள், இது அதற்கு” என்று சொல்லிவிடுகிறேன். முதல் தடவை வெட்கப்பட்டார். இப்போது மிச்சக் காசைத் திருப்பித் தருவதில்லை.

மூன்று போத்தலுக்குக் கட்டிய பெட்டி ஐந்து கிலோவைத் தொடும். என் கனடாப் பொதியில் அனுப்பு கூலி வைனின் விலையைத் தாண்டியது. போத்தல் 12, 13 யூரோ என்றால் கடல் தாண்டி அனுப்புவதில் கணக்கு உதைக்கும். அங்கே கிடைக்காத ஒன்று, அல்லது ஒரு பிள்ளை பிறந்த வருடத்து வைன் என்று காரணம் இருந்தால் மட்டும் செலவழியுங்கள்.

காப்புறுதி எடுப்பதற்கு முன் விலக்குப் பட்டியலை வாசியுங்கள். கண்ணாடி, திரவம், மது ஆகியவற்றை நட்ட ஈட்டிலிருந்து விலக்கும் நிபந்தனைகள் சிறிய எழுத்தில் இருப்பதுண்டு. பொதி செய்தது போதாது என்று சொல்லியும் மறுப்பார்கள். பெட்டி கட்டும்போது கட்டம் கட்டமாகக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவைத்திருந்தால் வாதாடலாம்.

8. எப்போது அனுப்ப வேண்டும்

ஆடி ஆவணி வெயிலில் களஞ்சியத்தில் கிடக்கும் வைன் வெந்துவிடும். கோடை முடியட்டும். 12, 13 சதவீத வைன் பூச்சியத்துக்குக் கீழே 5, 6 பாகையில் உறையத் தொடங்கும். உறையும்போது விரிந்து தக்கையை வெளியே தள்ளும். ஒஸ்லோவுக்கும் மியூனிக்குக்கும் தை மாசியில் அனுப்ப நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும். சித்திரை வைகாசியும் புரட்டாதி ஐப்பசியும் நல்ல மாதங்கள்.

திங்கள் அல்லது செவ்வாயில் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் வார இறுதி முழுவதும் எங்கோ கிடக்கும். நத்தாருக்கு என்றால் நவம்பர் நடுப்பகுதிக்குள் அனுப்பிவிடுங்கள். ஒன்றியத்துக்கு வெளியே எந்த விழாவுக்கும் குறைந்தது ஒரு மாதம் முன்னால். போய்ச் சேர்ந்த வைனை உடனே திறக்க வேண்டாம், ஒரு வாரம் கிடக்கவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள்; பழைய சிவப்பு வைன் என்றால் அடிமண்டி கலங்கியிருக்கும்.

9. உடைந்தால், திரும்பி வந்தால்

பெட்டி நனைந்திருந்தால், கையெழுத்திடுவதற்கு முன் கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே குறிப்பு எழுதச் சொல்லுங்கள். பெறுபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் கையெழுத்து அவருடையது. படம் எடுக்க வேண்டும். உடைந்த துண்டுகளையும் பெட்டியையும் முடிவு வரும் வரை எறியக் கூடாது. முறைப்பாட்டை இங்கிருந்து நீங்கள் கொடுக்க வேண்டும். பொதி எண் உள்ள சீட்டு இல்லாமல் அது நகராது.

வரி கட்டாமல் விட்டாலோ வீட்டில் ஆள் இல்லாவிட்டாலோ குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு பொதி திரும்பிவிடும். படிவத்தில் ‘திருப்பி அனுப்பு’, ‘கைவிடு’ என்று தெரிவு கேட்டால் ‘திருப்பி அனுப்பு’ என்று போடுங்கள்; அதற்குக் கட்டணம் கேட்கிறார்களா என்றும் பாருங்கள். ஒன்றியத்துக்கு வெளியே போய் மீண்டு வரும் பொதிக்கு இங்கே எவராவது வரி கேட்டால், இது பிரான்சிலிருந்து போன அதே வைன் என்று காட்ட முதல் படிவத்தின் பிரதியும் கடைப் பற்றுச்சீட்டும் வேண்டும். நான் அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்திருக்கிறேன். மார்கழியில் திரும்பி வந்த இரண்டு போத்தலையும் அடுத்த கோடையில் அத்தான் பாரிசுக்கு வந்தபோது திறந்தோம். ஒன்று புளித்துப்போயிருந்தது. மற்றதை அவர் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, தெருமுனைக் கடையில் இருப்பது இதைவிட நன்றாக இருக்கும் என்றார்.